ஆயக்குடிக்கு அடுத்த ஊர்

அன்றைக்குத் திண்டுக்கல் தாலுகா கச்சேரியில், கஜானா வராந்தாவில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அய்யா. அண்ணன். மதினி. நான். எங்கள் தெருவில் குடியிருந்த, போலீசில் ரிட்டயர் ஆன ஏட்டு. ஏட்டு சம்சாரம். வெளியூர்க் கிழவர் ஒருவர். அவருக்குத் துணையாக வந்த மருமகன். வாசலில் பியூன். உள்ளே மேசைக்குப் பின்னால் ஆபீசர். மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாதவர்.

இத்தனை பேர் காது கேட்கத்தான் மதினி அந்தப் பெயரைச் சொன்னார்.

மதினி என்பது அண்ணன் சம்சாரம். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணனும் கூப்பிட்டதில்லை. அவன் “இந்தா” என்பான். பிறகு அதுவும் நின்றுபோனது.

மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. எங்கள் சனத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் மதினி மாதிரி அதைக் கட்டிக் காத்தவர்களை நான் பார்த்ததில்லை. அய்யா பெயர் பழனி என்று தொடங்கும். மீதியை நானும் எழுத மாட்டேன், பெற்றவர் பெயர். அதனால் மதினி பழனி என்ற ஊரையே சொல்ல மாட்டார். மூலைக் கடைக்காரர் பெயரும் அப்படித் தொடங்கும் என்பதால் அவர் “மூலைக் கடைக்காரர்” மட்டும்தான். பஞ்சாமிர்தம் “மலைப் பஞ்சாமிர்தம்”.

ஒரு தடவை அய்யாவுக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட பஸ்ஸில் போனோம். திண்டுக்கல் தாண்டும் முன்னே கண்டக்டர் வந்துவிட்டார். எங்கே என்று கேட்டார்.

“ஆயக்குடிக்கு அடுத்த ஊரு” என்றார் மதினி.

“அடுத்த ஊருன்னா எது?”

“மல இருக்குமே.”

“மல இந்தா சன்னலுக்கு வெளியவே இருக்கு. எறங்கிக்கிறியா?”

பஸ்ஸே சிரித்தது. மதினியும் சிரித்தார். காசை நீட்டிய கையை மடக்கவில்லை. பின் சீட்டில் இருந்த ஒரு பெரிய மனுஷி, மாமனார் பேரா இருக்கும், பேசாமச் சீட்டைக் கிழி அப்பு என்று சொன்ன பிறகுதான் கண்டக்டருக்கு விளங்கியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் சொல்லியிருக்கலாம். மதினி திண்டாடுவதைப் பார்க்க எனக்கும் வேடிக்கையாக இருந்தது. அப்போதெல்லாம் வேடிக்கைதான்.

அய்யா முதல் உலகச் சண்டைக்குப் போனவர். முழங்காலில் குண்டு வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்குப் பென்ஷன் வந்தது. நான் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அண்ணன் தோல் கிட்டங்கியில் எடை போடுபவன். வருஷத்தில் பாதி நாள் கிட்டங்கி பூட்டிக் கிடக்கும். அய்யா பென்ஷன் வந்தால் அரிசி. வராவிட்டால் கேப்பை. அதுவும் கடன்.

அந்தப் பென்ஷன் சும்மா வராது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று மாதா மாதம் அவர் ரேகை வைத்த ஒரு தாள் கொடுக்க வேண்டும். டாக்டரோ ஹெட்மாஸ்டரோ கையெழுத்துப் போட்டு சீல் வைக்க வேண்டும். அது போக வருஷத்துக்கு ஒரு தடவை ஆளே நேரில் போய் நிற்க வேண்டும். அதற்கு மஸ்டர் என்று பெயர். பென்ஷன் தாளில் ஆளின் அங்க அடையாளம் எழுதியிருக்கும். கன்னத்து மச்சம், முழங்கால் தழும்பு, பட்டாள நம்பர். எல்லாம் ஒத்துவந்தால்தான் அடுத்த வருஷத்துக்குத் தாள் செல்லும்.

இந்த வேலை முழுக்க மதினி தலையில். யாரும் தூக்கி வைக்கவில்லை. அண்ணனுக்கு ஆபீஸ் படி ஏறினால் வாய் கட்டிவிடும். அதனால் அவராகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது. மெழுகுத் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்கு மேல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். பென்ஷன் தாள், ரேஷன் கார்டு, மைப் பெட்டி. அடைமழையில் கூரை ஒழுகியபோது பிள்ளைகளை எழுப்பும் முன் அந்த மூட்டையைத்தான் அவிழ்த்தார். அண்ணன் கேலி பண்ணினான். “புள்ளைக காஞ்சுரும், தாளு காயாது” என்றார் மதினி.

டாக்டர் கையெழுத்துக்குப் போனால் காலையில் போய் மத்தியானம் வருவார். டாக்டர் கம்பவுண்டரிடம் சொல்வாராம், இந்தம்மா மாமனார் செத்தாலும் இந்தம்மா சாக விடாது என்று. வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

நயா பைசா வந்த புதிதில் அய்யாவுக்கு மறதி தொடங்கியது. முதலில் பழைய அணாக் கணக்கில் குழம்புகிறார் என்று நினைத்தோம். பிறகு, செத்துப்போன எங்கள் ஆத்தாளைச் சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றார். கொல்லைக்குப் போய்விட்டு வீடு தெரியாமல் நின்றார். என்னைப் பார்த்து, தம்பிக்கு எந்த ஊர் என்றார். மதினியை மட்டும் தெரியும். யார் என்று தெரியாது, ஆனால் தெரியும். “ஆத்தா” என்பார். அவர் கையால் கொடுத்தால்தான் கஞ்சி இறங்கும்.

அந்த வருஷம்தான் எரியோட்டுப் பக்கத்துக் கதை ஒன்று வந்தது. அங்கே ஒரு பென்ஷன்காரருக்கு இதே மாதிரி நினைவு தப்பியது. மகன் யோக்கியன். மஸ்டரில் ஆபீசரிடம், அப்பாவுக்குப் புத்தி சரியில்லைங்க என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். புத்தி இல்லாதவருக்குப் பணம் கொடுக்க மதுரைக் கலெக்டர் உத்தரவு வேண்டுமாம். மகன் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடந்தான். உத்தரவு வந்தது. அதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மதினியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் என்னிடம் கேட்டார்.

“தம்பி, மஸ்டர்ல என்னென்ன கேப்பாக?”

ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். வராந்தாவில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். பியூன் தாளைப் பார்த்துப் பெயரைக் கூவுவார். கூவியதும் எழுந்து உள்ளே போய் நிற்க வேண்டும். தழும்பைப் பார்ப்பார்கள், ரேகை வாங்குவார்கள். அவ்வளவுதான்.

“பேரக் கூப்பிட்டா எந்திரிக்கணும். அம்புட்டுத்தான?”

அம்புட்டுத்தான் என்றேன்.

ஆனால் அய்யா பெயருக்கு அசையவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. எங்களுக்கு அவர் அய்யா. மதினிக்கு மாமா. தெருவுக்குப் பட்டாளத்துக்காரர். எங்கள் ஆத்தாளும் கடைசிவரை அந்தப் பெயரைச் சொன்னவள் இல்லை. பட்டாளம் விட்டு வந்தபின் அவரை யாருமே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் புழங்காத பெயர், புத்தியில் எப்படி இருக்கும்.

பழக்கிவிட வேண்டும் என்றார் மதினி. யார் கூப்பிடுவது? மருமகள் கூடாது. பெற்ற அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவா என்றான் அண்ணன். எனக்கும் வாய் வராது. கடைசியில் அடுத்த வீட்டு ஆரோக்கியத்தக்காவைப் பிடித்தார் மதினி. சுருட்டுச் சுற்றும் பொம்பளை. கோயில் மணியை விடப் பெரிய குரல். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, எங்கள் முறைக்குள் வராதவள். கூலியாக மதினி தினமும் சாயங்காலம் அவளுக்குப் புகையிலைக் காம்பு கிழித்துக் கொடுத்தார்.

காலையில் பூசை முடிந்து வந்ததும் எங்கள் வாசலில் நின்று ஆரோக்கியம் பெயரைக் கூப்பிடுவாள். முதலில் ஐயா போட்டு மரியாதையாகக் கூப்பிட்டாள். அய்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சலித்துப்போய், மொட்டையாக, அடிக்கிற மாதிரி கத்தினாள். அய்யா விருட்டென்று எழுந்தார். குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, “சார்” என்றார். அந்த வீங்கின முழங்காலோடு.

“பாத்தியாடி. மரியாதை குடுத்தா ஏற மாட்டேங்குது” என்றாள் ஆரோக்கியம்.

மதினிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்தே.

“ஒரு தடவ நீயும்தான் சொல்லேன். நாக்கு அழுகிறாது.”

“எனக்கு நாக்கு வேணும்க்கா” என்றார் மதினி.

அப்படித்தான் மூன்று மஸ்டர் தேறியது. பியூன் கூவுவார், அய்யா எழுவார், சார் என்பார். பட்டாளத்து மனுஷன், இந்த வயசிலும் பாரு என்று பியூனுக்கே மெச்சல்.

நாங்கள் பழக்கியதில் ஒரு ஓட்டை இருந்தது. பெயரைக் கூப்பிட்டால் எழப் பழக்கினோம். பெயரைக் கேட்டால் சொல்லப் பழக்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லக் கூடாத வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.

நாலாவது மஸ்டருக்குப் போனபோது புது ஆபீசர் வந்திருந்தார். கூவுகிற வழக்கத்தை நிறுத்திவிட்டார். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பச் சொன்னார். அய்யாவை மேசைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நல்ல மனுஷன்தான்.

“பேர் சொல்லுங்க பெரியவரே.”

அய்யா அவரைப் பார்த்துச் சிரித்தார். “சாப்டியா அப்பு?”

ஆபீசரும் சிரித்தார். சாப்பிட்டாச்சு, பெயரைச் சொல்லுங்க என்றார். அய்யா, இந்த வருஷம் கேப்பை பரவாயில்லை என்றார். ஆபீசர் இன்னொரு தடவை கேட்டார். அய்யா மேசையில் இருந்த தாள் எடைக் கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார்.

ஆபீசர் அண்ணனைப் பார்த்தார். நீங்க மகனா, எத்தனை நாளா இப்படி என்று கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் காலை மாற்றி நின்றான்.

“புத்தி சுவாதீனமா இல்லைன்னா நான் பணம் குடுக்க முடியாதுங்க. மதுரைக்கு எழுதணும்” என்று ஆபீசர் பேனா மூடியைக் கழற்றினார்.

வாசல் நிலைக்குப் பக்கத்தில் மதினி நின்றிருந்தார். கக்கத்தில் அந்த மெழுகுத் துணி மூட்டை. முந்தானையை இழுத்துச் செருகினார். ஓரடி உள்ளே வந்தார். அய்யா பெயரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார். முன்னால் பின்னால் எதையும் ஒட்டாமல், மொட்டையாக. ஆரோக்கியத்தின் தொண்டையில்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அய்யா நின்றுகொண்டிருந்தார்.

“சார்.”

அதோடு விடவில்லை. நம்பரையும் இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார். ஆபீசர் தாளைப் பார்த்தார். நம்பர் சரியாக இருந்தது. வேட்டியை விலக்கித் தழும்பைப் பார்த்தார். ரேகையை உருட்டி எடுத்தார். எழுதினார்.  வெளியே ஏட்டு சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பணத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டான். அய்யாவை நானும் மதினியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அண்ணன் என்னைப் பார்த்துப் பேசினான். “எங்கப்பன ஏலம் போட்டுட்டா. கச்சேரில வச்சு ஏலம் போட்டுட்டா.”

மதினி அய்யாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றோடு அண்ணன் அவரிடம் பேசுவதை விட்டான். எல்லாம் என் வழியாகத்தான். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்போம். அவன் “அவகிட்டச் சொல்லு” என்பான். நான் திரும்புவதற்குள் மதினி எடுத்துக் கொடுத்திருப்பார்.

அண்ணன் பேசாதது கூட மதினிக்குப் பெரிதில்லை. அய்யாதான். கஞ்சியோடு போனதும் அய்யா எழுந்து நின்றார். குதிகால் சேர்த்து. மதினி, உக்காருங்க மாமா என்றார். உட்கார்ந்தார். கிண்ணத்தை எடுக்க மதினி நிமிர்ந்தார். மறுபடி எழுந்துவிட்டார்.   ஒரு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்தோம். ஆகவில்லை. மற்ற எல்லாவற்றையும் மறந்த மனுஷன் அந்தக் குரலை மட்டும் மறக்கவில்லை. அன்று காலை வரை ஆத்தா. அதற்குப் பிறகு சார்.

ஆரோக்கியத்தின் குரலுக்கு அவர் அதன்பின் அசையவும் இல்லை.

மதினி கஞ்சியை என்னிடம் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, குடிச்சாரா, குடிச்சாரா என்று கேட்பார். மெதுவாகத்தான் கேட்பார். குரல் கேட்டுவிடக் கூடாதாம்.

எதற்காவது உள்ளே போக வேண்டிவரும். அப்போது அய்யா எழுந்து நிற்பதைச் சன்னல் வழியே தெருப் பார்க்கும். ஏட்டு சம்சாரம் முதலிலேயே விதை போட்டிருந்தாள். இப்போது முளைத்தது. அந்த வீட்டு மருமகள் மாமனாரைத் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தி வைக்கிறாள் என்றார்கள். கஞ்சி கொடுக்கும் முன் சலாம் வாங்குகிறாள் என்றார்கள். நாளைக்குப் பத்துத் தடவை என்றார்கள். அண்ணன் காதிலும் விழுந்தது. அவன் இல்லை என்று சொல்லவில்லை.

மறு வருஷம் மஸ்டர் வந்தது. “அவகிட்டச் சொல்லு, நாளு வந்திருச்சு” என்றான் அண்ணன்.

மதினி என்னிடம் திரும்பினார். “தம்பி, உங்கண்ணன்கிட்டக் கேளு. இந்தத் தடவ யாரு கூப்பிடணும்?”

நான் கேட்டேன். அண்ணன் ஆணியில் இருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அந்த வருஷம் அவன் வராந்தா வரைகூட வரவில்லை. கச்சேரிக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டான். காதில் விழக் கூடாதாம். உள்ளே மதினி கூப்பிட்டார். அய்யா எழுந்தார். ஆபீசர் எழுதினார். எல்லாம் முடிந்ததும் நான் போய் அண்ணனைக் கூட்டிவந்தேன். சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டான். அதற்கடுத்த வருஷமும் டீக்கடை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்தப் பணத்தில்தான் கூரைக்கு ஓடு மாற்றினோம்.

இடையில், பழனி போய் பஸ் மாற வேண்டிய தொப்பம்பட்டியில் எங்கள் பெரியப்பன் வீட்டுக் கல்யாணம். மதினிக்கு மூன்று ஆண் பிள்ளைகள், தாலிக் கயிறு உள்ளவர், எப்போதும் ஆலாத்தி எடுக்க அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அன்று கூப்பிடவில்லை. தட்டைக் கையில் எடுத்தவரிடமிருந்து ஒருத்தி வாங்கிக்கொண்டாள். மதினி பின்னால் போய் இலை கழுவுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கே இருந்த பெண்பிள்ளைகள் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினார்கள். வாங்க போங்க என்று கொங்குப் பேச்சு. அதற்கே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

அந்தக் கல்யாணத்துக்குப் போகும்போதுதான் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக் கேட்டார். தெரு சனம் பாதி அந்த பஸ்ஸில்.

“ஆயக்குடிக்கு அடுத்த ஊரு” என்றார் மதினி.

முன் சீட்டிலிருந்து ஏட்டு சம்சாரம் திரும்பினாள். “கச்சேரில கூவத் தெரிஞ்ச வாய்க்கு பஸ்ஸுல என்னத்தா கூச்சம்?”

சிரித்தார்கள். அண்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மதினி காசை நீட்டியபடி இருந்தார். இந்தத் தடவை நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். மதினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அய்யா ஒரு மாசி மாதம் படுத்தார். எழ முடியாது. மதினி போனால் கை மட்டும் நெற்றிக்குப் பக்கம் போகும். பாதியில் விழும். கடைசி நாள் அதுவும் போகவில்லை. அப்போதுதான் மதினி பக்கத்தில் உட்கார்ந்து வாயில் பால் விட்டார்.

மூச்சு நின்றதும் அண்ணன் என்னிடம் சொன்னான். “அவகிட்டச் சொல்லு, மைப் பெட்டிய எடுக்கச் சொல்லு. சூடு ஆறங்குள்ள வெறுந்தாள்ல நாலு ரேகை வச்சுக்கிருவோம். நாலு மாசம் ஓடும்.”

நான் சொல்லத் தேவையில்லை. மதினி உத்தரத்திலிருந்து மூட்டையை அவிழ்த்தார். மைப் பெட்டியை எடுத்தார். அடுப்பில் போட்டார். அது தகரம். எரியவில்லை. மைத்துணி மட்டும் கருகி நாறியது. பிறகு ஈரத்துணியால் அய்யாவின் கட்டைவிரலைத் துடைத்தார். மை நகக்கண்ணில் ஏறிக் கிடந்தது. போகவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார்.

அய்யாவை எடுத்த மறுநாள் மதினியே பென்ஷன் தாளைக் கொண்டுபோய் கஜானாவில் கொடுத்தார். கூட நான் போனேன். குமாஸ்தா, யாரும்மா போனது, பேர் என்ன என்று கேட்டார். மதினி தாளைத் தள்ளி, பெயர் இருக்கும் இடத்தில் விரலை வைத்தார். குமாஸ்தா அவரே வாசித்துக்கொண்டார். சத்தமாகத்தான் வாசித்தார்.

கருமாதி முடிந்த அன்று சொந்தக்காரப் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்தார்கள். போனவர் போய்விட்டார், இனியாவது சம்சாரத்தோடு பேசு என்று அண்ணனிடம் சொன்னார்கள். மதினி உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தார்.

“எங்கப்பன நித்தம் பேரு சொல்லிக் கூப்பிட்டவ. சாகுற வரைக்கும் கூப்பிட்டா. கணக்கு வழக்கு இருக்கா அதுக்கு?” என்றான் அண்ணன்.

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். உள்ளே இலை போடும் சத்தம் நிற்கவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை. கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வீட்டில் ஒரு தடவையும் இல்லை. கச்சேரியில், முதல் தடவையையும் சேர்த்து, ஐந்து.